அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘நீங்கள் யார்?’ என்று கேட்கும் கட்டங்கள்: புதிதாக நிரப்புகிறவர்களுக்கு

என் மகனை இங்கே பள்ளியில் சேர்த்தபோது, இனம் என்ற கேள்விக்குக் கீழே ‘அமெரிக்கன் இந்தியன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வந்தேன். ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் இருக்கிற இந்தியன், வேறு எதை அடிப்பது? நான்கு நாள் கழித்துப் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா அழைத்து, நீங்கள் எந்தப் பழங்குடி என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். “தமிழ்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அது எந்த மாநிலத்தில் இருக்கிறது?” என்றார்.

பல வருடம் கழித்து அதே பையன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான். திரையில் அதே கட்டங்கள், கூடவே இன்னும் நாற்பது கேள்விகள். அதற்குப் பிறகு தெரிந்த பிள்ளைகள் சிலருக்கு உட்கார்ந்து நிரப்ப உதவியிருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் தடுமாறுகிறார்கள். இந்தப் பகுதியை நம்மூர் சாதிச் சான்றிதழ் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடலாம்.

தமிழ்நாட்டில் 69 சதவீதம் என்றால் அது இடங்களின் கணக்கு. உங்கள் சமூகத்துக்கு இத்தனை இடம், அதற்குள் உங்கள் ரேங்க் என்ன என்பதுதான் பேச்சு. அரசு தரும் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. அமெரிக்காவில் இனத்துக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்றுகூடக் கிடையாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடத்தில் 16 இடத்தைத் தனியாக வைத்திருந்தது. ஆலன் பாக்கி என்பவர் வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. நம்மூர்க்காரர்களுக்கு இது பழகிய கதையாகத் தோன்றும். 1951-ல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கு கவிழ்த்ததும் மருத்துவக் கல்லூரி இடத்தை வைத்துத்தான். ஆனால் அங்கே உடனே அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்று விட்டிருந்த வழியையும் 2023 ஜூன் 29-ல் ஹார்வர்டு வழக்கின் தீர்ப்பு அடைத்துவிட்டது.

அப்புறம் எதற்கு இன்னும் இந்தக் கட்டங்கள்? கணக்கெடுப்புக்காக. உங்களை நீங்களே எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஆதாரம் கேட்பதில்லை, அதனால் இடம் கூடுவதும் இல்லை. இனக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போகலாம், தவறில்லை.

சிறுபான்மை விண்ணப்பதாரர் பதிவேடு என்றால் என்ன

ஏஏஎம்சி என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம். எம்கேட் நுழைவுத் தேர்வை நடத்துவதும், ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தை நடத்துவதும் அவர்கள்தான். ‘மெட்-மார்’ என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட சிறுபான்மை விண்ணப்பதாரர் பதிவேட்டை உருவாக்கியவர்களும் அவர்களே. எம்கேட்டுக்குப் பதிவு செய்யும்போது, நீங்கள் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், பூர்வகுடியினர் என்று மருத்துவத் துறையில் எண்ணிக்கை குறைந்த சமூகத்தைச் சேர்ந்தவராகவோ, பொருளாதாரத்தில் பின்தங்கியவராகவோ உங்களைக் கருதினால், பெயரை இதில் சேர்க்கலாமா என்று கேட்பது வழக்கமாக இருந்தது. சரி என்றால் உங்கள் அடிப்படை விவரமும் எம்கேட் மதிப்பெண்ணும் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களுக்குப் போகும். பிடித்தால் அவர்கள் கடிதம் எழுதுவார்கள், எங்கள் கல்லூரியைப் பாருங்கள் என்று கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். கல்யாண மாலையில் பெயர் கொடுப்பது மாதிரி. ஜாதகம் போகும், கல்யாணம் நிச்சயம் இல்லை.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்று நம் வீடுகளில் கொஞ்சம் எரிச்சலோடு கேட்பார்கள். “நம்ம புள்ளையும் கறுப்புதானே?” என்று ஒரு மாமா கேட்டார். பதில் 1910-ல் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து அந்த வருடம் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கையைத் தொடர்ந்து, கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. மிஞ்சியவை வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும்தான். மற்ற பெரும்பாலான கல்லூரிகளின் கதவு அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் மூடியே இருந்தது. கறுப்பின மருத்துவர்களை ஒதுக்கிவைத்ததற்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008-ல் மன்னிப்புக் கேட்டது. 1991-ல் ‘2000-க்குள் 3000’ என்று ஏஏஎம்சி ஒரு திட்டம் போட்டது. ஆண்டுக்கு மூவாயிரம் மாணவர்களாவது அந்தச் சமூகங்களிலிருந்து சேர வேண்டும் என்பது இலக்கு. எட்டவில்லை. பதிவேடு அந்த முயற்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

2003-ல் ஏஏஎம்சி வரையறையை மாற்றியது. நாட்டின் மக்கள்தொகையில் உள்ள அளவுக்கு மருத்துவத் தொழிலில் இல்லாத இனத்தவர்தான் ‘எண்ணிக்கை குறைந்தவர்’ என்றது. இந்திய வழியினர் இதில் வர வழியில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையை வேண்டுமானாலும் பாருங்கள், ஒரு ராவ், ஒரு படேல், ஒரு சுப்பிரமணியம் இருப்பார். நாம் இங்கே சிறுபான்மைதான், ஆனால் மருத்துவத்தில் சிறுபான்மை இல்லை.

ஆக, நம் பிள்ளைகளுக்கு இனக் கட்டத்தில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. பொருளாதாரம், குழந்தைப்பருவம் பற்றிய கேள்விகளில்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் வீடுகளில் மானம் கருதி வெறுமையாக விடுவதும் அதைத்தான்.

முதல் படி: விசா

பிள்ளை குடியுரிமையா, கிரீன் கார்டா (நிரந்தரக் குடியிருப்பு), எச்-4 ஆ (அப்பா அல்லது அம்மாவின் வேலை விசாவைச் சார்ந்த விசா)? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிறுபான்மைப் பதிவேடு குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் என்றே அமைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், பல கல்லூரிகள் விசாவில் இருப்பவர்களைச் சேர்ப்பதே இல்லை. மத்திய அரசின் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடையாது. இரண்டு வயதில் வந்து இங்கேயே படித்த பிள்ளை, அப்பாவின் கிரீன் கார்டு வரிசை நகராததால் 21 வயதில் எச்-4 இழந்து எஃப்-1 மாணவனாகி நிற்பது நம் வீடுகளில் சாதாரணம். ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் வெளிநாட்டு மாணவர்களை எடுக்குமா என்று போட்டிருக்கும். பட்டியல் தயாரிக்கும் முன் அதைப் பாருங்கள், பிறகு பணத்தைக் கொட்டி அழ வேண்டாம்.

இரண்டாம் படி: கட்டண உதவி, காசு கட்டுவதற்கு முன்பே

இதில் நான் சூடு பட்டவன். ஏஏஎம்சியின் ‘கட்டண உதவித் திட்டம்’ என்ற பெயரைப் பார்த்ததும், அது ஏழைகளுக்கு, நமக்கில்லை என்று தாண்டிவிட்டேன். உண்மையில் வரம்பு வறுமைக் கோட்டின் நான்கு மடங்கு. 2025-ன் கோடு நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 டாலர். நான்கு மடங்கு என்றால் 1,28,600. ஒரே சம்பளத்தில் ஓடும் பல தமிழ்க் குடும்பங்கள் இதற்குள்தான் இருக்கின்றன. விண்ணப்பிக்கிற பிள்ளை 26 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் வருமானத்தையும் காட்ட வேண்டும்.

கிடைத்தால் எம்கேட் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆம்காஸில் 20 கல்லூரி வரை கட்டணம் இல்லை. சாதாரணமாக முதல் கல்லூரிக்கு 170 டாலருக்கு மேல், அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் 40-க்கு மேல். இருபது கல்லூரிக்குப் பெருக்கிப் பாருங்கள். முக்கியமான விஷயம், முதலில் காசைக் கட்டிவிட்டுப் பிறகு உதவி கிடைத்தால் கட்டியது திரும்பி வராது. நான் கட்டியதும் வரவில்லை.

மூன்றாம் படி: எம்கேட் பதிவு

தேர்வுத் தேதியைப் பிடிக்கிற அவசரத்தில் இங்கே பிள்ளைகள் எதையும் படிக்காமல் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போவார்கள். பின்னணி பற்றிய கேள்விகளும், உங்கள் விவரத்தை யாருக்கு அனுப்பலாம் என்ற அனுமதிகளும் இங்கேதான் வரும். 2023 தீர்ப்புக்குப் பிறகு இந்த மாதிரிக் கேள்விகளின் வாசகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அக்கா காலத்தில் இருந்தது தம்பி காலத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். உங்கள் திரையில் உள்ளதைப் படித்து, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பொருளாதாரத்தில் பின்தங்கியவர் என்ற கேள்வி வந்து, அது உண்மையும் என்றால், ஆம் என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

நான்காம் படி: இனக் கட்டம்

ஒரு நிமிட வேலை. ஆசியர், அதற்குள் இந்தியர். ‘அமெரிக்கன் இந்தியன்’ என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகள், மேலே சொன்ன என் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈழத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தவர்கள் தங்கள் நாட்டின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் ‘மற்ற ஆசியர்’ என்பதை எடுக்கலாம். அம்மா மெக்சிகோ வழி, அப்பா மதுரை என்றால் இரண்டையும் அடிக்கலாம், ஒன்றை மட்டும் எடு என்று யாரும் சொல்வதில்லை. ஆசியர் என்று தெரிந்தால் பாதகம் என்று பயந்து சிலர் வெறுமையாக விடுகிறார்கள். விடலாம். ஆனால் மேலே பெயர் இருக்கும் இடத்தில் மீனாட்சிசுந்தரம் என்று போட்டுவிட்டு யாரிடம் மறைக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சாதி பற்றிய கேள்வி எங்கும் கிடையாது. ஊர்ச் சான்றிதழை மொழிபெயர்த்து இணைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு இடமே இல்லை.

ஐந்தாம் படி: குழந்தைப்பருவம்

இங்கே ஒரு முழு மாலை உட்காருங்கள், அப்பா அம்மாவோடு சேர்ந்து.

ஆம்காஸ் கேட்பது ஏறக்குறைய இவை. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பெரும்பாலும் எங்கே வளர்ந்தாய்? கிராமமா, நகரமா, புறநகரா? அந்தப் பகுதியில் மருத்துவ வசதி போதுமானதாக இருந்ததா? குடும்ப வருமானம் எந்த வரம்புக்குள் இருந்தது, அதில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்? அரசின் உதவித் திட்டம் எதையாவது வாங்கினீர்களா? 18 வயதுக்கு முன் சம்பளத்துக்கு வேலை பார்த்தாயா? அந்தப் பணம் கைச்செலவுக்கா, குடும்பத்துக்கா? கல்லூரிச் செலவில் எத்தனை சதவீதம் யார் கொடுத்தது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது நடந்தது. அப்பா கோயம்புத்தூரில் பி.இ. முடித்தவர். இங்கே வந்து இரண்டு வேலை போய், கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தை நடத்துகிறார். மகள் பதினாலு வயதிலிருந்து சனி ஞாயிறு கல்லாவில் நிற்பாள். அருகில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஐம்பது மைல். விண்ணப்பத்தில் அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“அப்பா வருத்தப்படுவார் அங்கிள்.”

அவர் பக்கத்து அறையிலிருந்து, “நாங்க ஒண்ணும் கஷ்டப்படலையே அண்ணா, சாப்பாட்டுக்கு என்ன குறை?” என்றார். அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் பிடித்தது. யாரும் உங்களை ஏழை என்று முத்திரை குத்தவில்லை, நடந்ததைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். கடைசியில் அவரே பழைய வருமான வரிக் கோப்புகளை எடுத்து வந்தார். அந்தக் கேள்விகளில் இரண்டு மூன்றுக்குப் பதில் மாறியது. கல்லாவில் நின்றதற்குச் சம்பளம் வாங்கவில்லை, அதனால் சம்பள வேலை என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதே சரியான பதில், அதை அப்படியே விட்டோம். அந்த நான்கு வருட வேலையை அனுபவங்கள் பகுதியில் தனியாக எழுதினாள். அந்தப் பகுதியில் 15 அனுபவங்கள் வரை போடலாம். நம் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தன்னார்வலராக இருந்ததை மூன்று தடவை எழுதுவார்கள், வீட்டுக் கடையில் நின்றதை எழுதமாட்டார்கள்.

ஆறாம் படி: பெற்றோரின் படிப்பும் வேலையும்

இரண்டே கேள்விதான், ஆனால் இதை வைத்து ஏஏஎம்சி ஒரு குறியீடு போடுகிறது. பெற்றோரில் யாரும் இளங்கலைப் பட்டம்கூட வாங்கவில்லை என்றால் ஈஓ-1. பட்டம் இருக்கிறது, ஆனால் பார்ப்பது கடை, ஓட்டுநர், எழுத்தர் மாதிரியான வேலை என்றால் ஈஓ-2. இரண்டுமே சமூகப் பொருளாதாரத்தில் பின்தங்கிய நிலை என்று கணக்காகும். டாக்ஸி ஓட்டும் அப்பாவின் தொழிலை ‘பொறியாளர்’ என்று போட்டால் கௌரவம் கூடும், உண்மை மறையும். இன்றைக்கு என்ன வேலையோ அதைப் போடுங்கள். ‘சொந்தத் தொழில்’ என்று பொத்தாம்பொதுவாகவும் வேண்டாம், என்ன தொழில் என்று தெரிய வேண்டும்.

ஏழாம் படி: அந்த 1,325 எழுத்து

முன்பு ‘நீங்கள் பின்தங்கியவரா?’ என்று நேரடியாகக் கேட்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். இப்போது அதற்குப் பதிலாக, உங்கள் வாழ்க்கையைப் பாதித்த வேறு அனுபவங்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. இடைவெளியும் சேர்த்து 1,325 எழுத்துதான். கட்டாயம் இல்லை. எழுத ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆர்த்தோ அறுவை சிகிச்சை நிபுணரின் மகன், பள்ளி டென்னிஸ் அணியில் இடம் கிடைக்காத சோகத்தை எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார்.

ஹார்வர்டு தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், ஒருவரின் இனம் அவர் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று அவரே சொல்வதைக் கல்லூரிகள் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றார். அது அவருடைய துணிச்சலோடோ திறமையோடோ சேர்ந்து வர வேண்டும், கட்டத்தில் செய்ய முடியாததைக் கட்டுரை வழியாகக் கல்லூரிகள் செய்யக்கூடாது என்பதும் அதே தீர்ப்பில்தான். ஆகவே ‘நான் ஒரு தமிழன்’ என்று ஆரம்பித்துக் கல்லணை, கீழடி என்று போக வேண்டாம். பாட்டிக்குச் சர்க்கரை, மருத்துவமனையில் ஆங்கிலம் தெரியாது, பன்னிரண்டு வயதில் நீ மொழிபெயர்த்தாய், கால் விரலை எடுக்க வேண்டும் என்பதைப் பாட்டியிடம் நீதான் சொன்னாய். அந்த ஒரு பிற்பகல் போதும். சாதியால் ஒதுக்கப்பட்ட அனுபவம் இருந்தாலும் இங்கே எழுதலாம். படிக்கிறவருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம், ஒரு வரியில் விளக்கிவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த பிறகு அந்தச் சொல் இங்கே முன்பு அளவுக்கு அந்நியம் இல்லை.

எட்டாம் படி: மொழி

தமிழை எந்த அளவு பேசுவாய், சின்ன வயதில் வீட்டில் எவ்வளவு பேசினார்கள் என்று கேட்பார்கள். ஐந்து நிலைகள் உண்டு, அடிப்படையில் தொடங்கி தாய்மொழி அளவு வரை. ‘சாப்டாச்சா’வைத் தாண்டாத பிள்ளை மேல் நிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போக, எதிரே இருந்த பேராசிரியை கும்பகோணத்துக்காரராக இருந்த கதை ஒன்று எங்கள் வட்டாரத்தில் சுற்றுகிறது. உண்மையோ பொய்யோ, நடக்கக்கூடியதுதான்.

பொய் வேண்டாம், ஏன்

ஆதாரம் கேட்பதில்லை என்றேன். அதனால் சிலருக்குச் சபலம் வரும். தமிழ்த் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் பிறந்த விஜய் சொக்கலிங்கம், நடிகை மிண்டி கேலிங்கின் அண்ணன், 1990-களின் கடைசியில் தலையை மழித்துக்கொண்டு, கறுப்பினத்தவர் என்று சொல்லி மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததாக 2015-ல் அவரே வெளியில் சொன்னார். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். அவர் வெளியே சொன்ன பிறகு பல்கலைக்கழகம், அவருடைய மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது, இனம் பார்த்து எடுக்கவில்லை என்றது. அவர் சொல்வது சரியா, அவர்கள் சொல்வது சரியா, நமக்குத் தேவையில்லை. ஆம்காஸின் கடைசிப் பக்கத்தில், கொடுத்ததெல்லாம் உண்மை என்று பிள்ளை உறுதி கொடுக்க வேண்டும். முரண்பாடு தெரிந்தால் ஏஏஎம்சி விசாரிக்கும், விசாரணை அறிக்கை நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்குப் போகும். நாலாயிரம் டாலர் செலவு செய்து அப்படியொரு அறிக்கையை வாங்குவானேன்?

டெக்சாஸின் அரசுக் கல்லூரிகளுக்கும், எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கும் விண்ணப்பத் தளங்கள் வேறு. அவற்றிலும் இதே மாதிரிக் கேள்விகள் வேறு வாசகத்தில் வரும். மூன்றிலும் பதில் ஒத்துப்போக வேண்டும், ஒன்றில் கிராமம் என்றும் இன்னொன்றில் புறநகர் என்றும் இருக்கக் கூடாது.

ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மே கடைசி வாக்கில் சமர்ப்பிக்க ஆரம்பிக்கலாம். சமர்ப்பித்த பிறகு கட்டுரைகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் பொத்தானை அழுத்தும் முன் பிடிஎஃப் எடுத்து அச்சிட்டு, பெற்றோர் பகுதியை மட்டுமாவது அப்பா அம்மா கையில் கொடுங்கள். என் மனைவியின் பட்டத்தை என் மகன் தவறாகப் போட்டிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். “நான் எம்.எஸ்ஸி.டா, பி.எஸ்ஸி. இல்ல” என்று பேனாவால் அடித்துக் கொடுத்தாள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். நேர்காணலுக்கு முந்தின இரவு பிள்ளை அதைத்தான் படிக்க வேண்டும்.